வியாகுலத்தின் பிள்ளைகள்

தன் மூத்த மகனின் கெண்டைக்கால்களைப் பார்த்து இன்னாசி பெருமைப்படாத நாள் கிடையாது. திண்டுக்கல் ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டிப் பிழைத்தவன் அவன். சவாரி கிடைக்காத மத்தியானங்களில், ஐந்து வயதுச் சந்தியாகுவை மற்ற வண்டிக்காரர்கள் முன்னால் திருப்பி நிறுத்திக் காட்டுவான்.

"பாருங்கப்பா காலை! பயில்வான் காலு. இப்பவே கல்லு மாதிரி இருக்கு. வளந்தான்னா என் குதிரையவே தூக்கிருவான்."

கால்கள் உண்மையிலேயே உருண்டு திரண்டிருந்தன. பார்த்தவர்கள் கண் பட்டுவிடும், சுற்றிப் போடச் சொல் என்றார்கள். இன்னாசியின் மனைவி வியாகுலத்துக்கு மட்டும் அந்தக் கால்களைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். அத்தனை பெரிய கால்களை வைத்துக்கொண்டு அவன் வாசற்படி ஏறச் சுவரைப் பிடித்தான். தரையில் உட்கார்ந்தவன் எழுந்த விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. முதலில் குப்புறத் திரும்புவான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றுவான். பிறகு முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல் ஏறி நிமிர்வான். வேறெந்தப் பிள்ளையும் அப்படி எழுந்து அவள் பார்த்ததில்லை.

இல்லை, பார்த்திருந்தாள். எங்கே என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். குடியிருப்பு மேட்டுப்பட்டியில், கோயில் மணிச் சத்தம் கேட்கிற தூரத்தில். வியாகுலம் தாடிக்கொம்புக்கு அப்பால் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கிராமத்தில் பிறந்தவள். வியாகுல மாதா திருநாளன்று பிறந்ததால் அந்தப் பெயர். நெஞ்சில் ஏழு வாள்கள் பாய்ந்து நிற்கும் அந்தச் சுரூபத்தைச் சிறு வயதில் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பயமாக இருக்கும். இந்த அம்மாவின் பெயரையா எனக்கு வைத்தார்கள் என்று அழுவாளாம். வளர்ந்து, கல்யாணமாகி, புகையிலைச் சரக்கு வைக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு அந்தப் பயத்தை மறந்துபோனாள்.

சந்தியாகு விழ ஆரம்பித்தான். சப்பரத்துக்குப் பின்னால் ஓடும்போது விழுந்தான். பள்ளிக்கூடத்தில் மணி அடித்ததும் பிள்ளைகள் முட்டி மோதி வெளியே வரும்போது விழுந்தான். பள்ளிப் பிள்ளைகள் மலைக்கோட்டைக்குப் போன அன்று, பாறையில் வெட்டிய படிகளில் கொஞ்ச தூரம் ஏறியவன் அங்கேயே உட்கார்ந்துகொண்டான். மற்றவர்கள் உச்சிக்குப் போய்க் கூச்சல் போட்டுவிட்டு இறங்கி வரும்வரை வெயிலில் காத்திருந்தான். வீட்டுக்கு வந்து, "நான் கீழ இருந்தே எல்லாத்தையும் பாத்துட்டேன்மா" என்றான்.

ஊர் வைத்தியர் எண்ணெய் கொடுத்தார். டாக்டர் டானிக் எழுதினார். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு போய் மொட்டை போட்டு வந்தார்கள். போகும்போது நடந்து போனவனை வரும்போது இன்னாசி தூக்கி வந்தான். ஒன்பது வயதில் சந்தியாகுவால் ஜட்காவின் படியில் கால் வைக்க முடியவில்லை. பத்து வயதில் நிற்க முடியவில்லை. கெண்டைக்கால்கள் மட்டும் தடித்தே இருந்தன.

இதற்கிடையில் பிலோமி என்ற மகளும், அவளுக்கு ஆறு வருஷம் கழித்து ராயப்பு என்ற இளைய மகனும் பிறந்திருந்தார்கள்.

இன்னாசியின் அக்காள் சவரியாயி பக்கத்துத் தெருவில் இருந்தாள். கெட்டவள் இல்லை. சந்தியாகுவுக்காக எத்தனையோ வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் இருந்தவள். ஆனால் ஒரு நாள், அடுப்படியில் வெஞ்சனம் தாளித்துக்கொண்டிருந்த வியாகுலத்தின் பின்னால் வந்து நின்று கேட்டாள்.

"ஏ வியாகுலம், ஒண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காத. சருவேசுரன் காரணமில்லாம இப்படிச் செய்ய மாட்டாரு. நீ எதையாச்சும் மறைச்சு வச்சிருக்கியா?"

"என்னத்த மதினி மறைக்க?"

"பாவத்த."

வியாகுலம் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கோபப்படவில்லை என்பதுதான் பயங்கரம். அந்தக் கேள்வியை அவளே தனக்குள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். தாயிடம் பொய் சொன்னது, கிட்டங்கியில் பக்கத்துப் பெண்ணின் சேலையைப் பார்த்துப் பொறாமைப்பட்டது, பிரசங்க நேரத்தில் தூங்கியது என்று தேடித் தேடிச் சொன்னாள். முன்பே சொன்னவற்றையும் திரும்பச் சொன்னாள். வீட்டில் ஏதோ ஒரு மூலையில் செத்துக் கிடக்கிற எலியைத் தேடுகிறவளைப்போல, நாற்றம் எங்கிருந்து வருகிறதென்று தன் வாழ்க்கை முழுவதையும் புரட்டிப் போட்டாள். ஒரு சனிக்கிழமை பங்குச் சாமியார் அவளை நிறுத்திவிட்டார். அவர் இளம் வயதுக்காரர். மேட்டுப்பட்டிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

"போதும்மா. இதெல்லாம் மன்னிச்சாச்சு. திரும்பத் திரும்ப எதத் தேடுறீங்க?"

"எம்பிள்ளைக்குக் கால் போச்சு சாமி. எந்தப் பாவத்துக்குன்னு தெரிஞ்சா அழுது தீத்துருவேன்."

பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் சாமியார் தட்டியின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

"பிறவிக் குருடன் ஒருத்தனைக் காட்டி, இது இவன் செஞ்ச பாவமா, பெத்தவங்க செஞ்ச பாவமான்னு சீஷர்கள் கேட்டாங்க. சேசுநாதர் ரெண்டும் இல்லைன்னுட்டாரு. நீங்க கேட்டதில்லையா?"

"கேட்டிருக்கேன் சாமி. அவனுக்குத்தான் கண்ணு வந்துருச்சே."

 "ஆமாம்மா, அவனுக்கு வந்துருச்சு" என்றார் சாமியார். "உங்க மகனுக்கு ஏன் வரலைன்னு எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னா நான் பொய் சொன்னவனாவேன். ஆனா பாவத்துக்குத் தண்டனைன்னு யாராச்சும் சொன்னா, அதுவும் பொய்தான். இனிமே இந்தக் கேள்விய இங்க கொண்டு வராதீங்க. கோவத்தக் கொண்டு வாங்க. அழுகையக் கொண்டு வாங்க. அத அவர்கிட்டச் சொல்லுங்க."

இதைப் பின்னாளில் வியாகுலமே சொன்னாள். அன்றைக்கு அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. பாவம் என்றாலாவது ஒரு காரணம் இருந்தது. இப்போது அதுவும் போயிற்று என்றுதான் தோன்றியதாம்.

ஐம்பத்தேழாம் வருஷம் மதுரைப் பெரிய டாக்டர் ஒருவரிடம் சந்தியாகுவைக் காட்டப் போனார்கள். மூன்று வயது ராயப்பு அம்மாவை விட்டு இருக்க மாட்டான் என்று அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டாள் வியாகுலம். டாக்டர் சந்தியாகுவின் கால்களை அமுக்கிப் பார்த்தார். தோள்களைத் தூக்கிப் பார்த்தார். பிறகு அவனை வெளியே பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லிவிட்டு, பெற்றவர்களிடம் பேசினார். இது தசை கரைந்துபோகிற நோய். கெண்டைக்காலில் இருப்பது பலமில்லை, வெறும் கொழுப்பு. மருந்து உலகத்தில் எங்கேயும் இல்லை. கால்களுக்குப் பிறகு கைகள் போகும், அதன்பிறகு மூச்சு.

"எத்தன நாளைக்குங்க?" என்று இன்னாசி கேட்டான்.

"இருபது வயசு தாண்டுறது அபூர்வம்." டாக்டர் வியாகுலத்தின் பக்கம் திரும்பினார். "உங்க கூடப்பிறந்த ஆம்பளைங்க யாராவது இப்படி இருந்தாங்களா?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தன் ஊரில், மாட்டுக் கொட்டத்தின் ஓரம், அண்ணன் அந்தோணி தரையில் கையூன்றி, தொடையில் கையூன்றி, தன் மேல் தானே ஏறி நின்றது. அவளுக்கு அப்போது நாலு வயது இருக்கலாம். அவன் செத்தபோது காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள்.

"இது தாய் வழியா வர்றது. அம்மாவுக்கு ஒண்ணும் செய்யாது. மகன்களுக்குத்தான் வரும். எல்லா மகனுக்கும் வரணும்னு இல்ல, பாதிக்குப் பாதி. மகள்களுக்கு வராது, ஆனா அவங்க வயித்துல பிறக்கிற பையன்களுக்கு வரலாம்" என்றார் டாக்டர். அப்போது அவர் கண்கள் அவள் இடுப்பிலிருந்த ராயப்புவின் மேல் விழுந்தன. குழந்தையின் காலை மெல்லத் தொட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர், சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் இன்னாசி சந்தியாகுவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தான். சன்னலுக்கு வெளியே சிறுமலை கூடவே வந்தது. அன்றைக்குப் பிறகு அவன் வீட்டுக்குள் படுப்பதை நிறுத்திவிட்டான். லாயத்தில், குதிரைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டான். அவன் அக்காளிடம் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சவரியாயி வியாகுலத்தின் பக்கத்தில் உட்காரவில்லை.

வியாகுலம் ராயப்புவுக்காகப் பழைய மரப்பெட்டி ஒன்றை வாங்கி வந்தாள். "கீழ உக்காராதப்பு. சில்லுன்னு இருக்கும். பெட்டியில உக்காரு" என்றாள். சாப்பிடும்போதும் பெட்டி, விளையாடும்போதும் பெட்டி. தரையில் உட்கார்ந்தால் முதுகில் ஒன்று வைத்தாள். பெட்டியிலிருந்து இறங்குகிற பிள்ளை எப்படி எழுகிறான் என்று யாரும் பார்க்க முடியாது. அவளும் பார்க்க வேண்டியதில்லை. கிட்டங்கியில் காம்பு கிள்ளும்போது, செபமாலை சொல்வதுபோல் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பாள்: "இவனை விட்டுரு. இவனை விட்டுரு." பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒருவனை எடுத்தாகிவிட்டது; பாதி தீர்ந்தது என்று அவள் கணக்கு.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலம். புகையிலை வரத்து குறைந்து கிட்டங்கியில் பாதி நாளோடு அனுப்பிவிட்டார்கள். வியாகுலம் வழக்கத்துக்கு மாறாக மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். வாசலில் ராயப்பு தரையில் குந்திக் கோலிக்குண்டு ஆடிக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் அடி விழுமென்று பயந்து எழப்போனான்.

குப்புறத் திரும்பினான். கைகளை ஊன்றினான். முழங்காலில் ஒரு கை வைத்தான்.

"எந்திரிக்காத!" என்று கத்தினாள் அவள். "எந்திரிக்காதடா, அப்படியே இரு!"

பிள்ளை பயந்து பாதியில் நின்றான். அவள் ஓடிப்போய் அவனை வாரித் தூக்கிக்கொண்டாள். அன்று சாயந்தரம் வரை இறக்கிவிடவில்லை.

அந்த வருஷப் பெரிய வெள்ளிக்கிழமை, பாடுபட்ட சுரூபத்தை முத்திசெய்ய மேட்டுப்பட்டியே வரிசையில் நின்றது. முழங்காலிட்டு, சிலுவையிலிருக்கும் சேசுவின் பாதங்களை ஒவ்வொருவராக முத்தமிட்டு நகர்ந்தார்கள். வியாகுலத்தின் முறை வந்தது. அவள் முழங்காலிடவில்லை. ஆணியடித்த அந்தக் கால்களைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அவள் முத்தமிடாமலேயே திரும்பி, ஆண்களும் பெண்களும் பார்க்க, நடு வழியே நடந்து வெளியே போய்விட்டாள்.

வெயில் கொதித்தது. வீட்டுக்கு வந்தபோது சந்தியாகு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவனுக்குப் பதின்மூன்று வயது. கழுத்தும் கைகளும் மட்டும் சொன்னபடி கேட்டன.

"சீக்கிரம் வந்துட்ட?"

"தலவலி."

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். "அம்மா, தம்பிக்கும் வந்துருச்சுல்ல?"

"வாய மூடு. அவனுக்கு ஒண்ணுமில்ல."

"நான் நாளெல்லாம் இங்கயேதான கெடக்கேன். தைப் பொங்கலுக்கு முன்னாடியே பாத்துட்டேன்." குரலில் நடுக்கமே இல்லை. "அவனுக்கு நீ சொல்லாத. நீ அழுவ. அவன் பயந்துருவான். நானே சொல்றேன்."

"என்ன சொல்லுவ?"

"தெரிஞ்சதச் சொல்லுவேன்."

மறுநாள் பெரிய சனிக்கிழமை. கிட்டங்கிக்கு விடுமுறை. அடுப்படியில் இருந்த வியாகுலத்துக்குப் பின்கொல்லையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பிலோமி தன் அண்ணனின் கட்டிலை இழுத்துக் கொல்லையில் போட்டிருந்தாள். குதிரைக்கு வாங்கிய புல்லுக்கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தார்கள். ஐந்து வயது ராயப்பு அதன் நடுவில் நின்றான்.

"ஏலே, விழப்போறோம்னு தெரிஞ்சா எதுத்து நிக்காத" என்று சந்தியாகு கட்டிலிலிருந்து சொன்னான். "எதுத்து நின்னாத்தான் மூஞ்சி ஒடையும். நான் அப்படித்தான் பல்லு ஒடைச்சேன். அப்படியே பக்கவாட்டுல சாஞ்சுரு. தலையக் கையால பிடிச்சுக்க. ம், விழு."

ராயப்பு விழுந்தான். புல் பறந்தது.

"இப்பச் சிரி. நீ மொதல்ல சிரிச்சுட்டா பாக்குறவன் சிரிக்க மாட்டான்."

"நானும் உன்னை மாதிரி கட்டிலுக்கு வந்துருவேனா?"

"வருவ. இன்னும் கொஞ்ச நாளாகும். ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்ல? எனக்கு யாரும் எடம் போட்டு வைக்கல. தனியாத்தான் வந்தேன். ம், இன்னொரு தரம் விழு."

வியாகுலம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லாயத்தின் வாசலில் இன்னாசியும் நின்றுகொண்டிருந்ததை அப்போதுதான் கண்டாள். எவ்வளவு நேரமாக நின்றானோ. குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் அழுதான். இரண்டு வருஷமாக அடக்கி வைத்த அழுகை. குதிரை அசையாமல் நின்றது.

அன்று மத்தியானம் அவள் கோயிலுக்குப் போனாள். பெரிய சனியன்று பகலில் கோயிலில் ஒன்றும் கிடையாது. பீடம் துணியில்லாமல் வெறுமையாக இருக்கும். பக்கப் பீடத்து வியாகுல மாதா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்தாள். செபம் எதுவும் வாயில் வரவில்லை. வெகு நேரம் கழித்து வீட்டுக்கு வந்து, லாயத்துக்குப் போய், சாக்கின் மேல் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தாங்க. ஒண்ணு சொல்லட்டா?"

இன்னாசி தலையாட்டினான்.

"அந்த அம்மா ஒண்ணுமே செய்யல. மகன் சிலுவையில தொங்குனப்ப ஓடிப்போயி ஆணியப் பிடுங்கல. யாரையும் வையல. ஏன்னு கேட்டதாக்கூட இல்ல. சும்மா நின்னா. கீழ விழாம, அவன் கண்ணுக்குத் தெரியற மாதிரி நின்னா. சின்னதுலருந்து அந்த வாளுகளத்தான் பாத்திருக்கேன். காலப் பாத்ததில்ல. இன்னைக்குத்தான் பாத்தேன்."

"அதனால நம்ம பிள்ளைக்குக் கால் வந்துருமா?"

"வராது." அவள் குதிரையின் முன்னங்காலைப் பார்த்தபடி சொன்னாள். "சருவேசுரன்தான் இத அனுப்புனாரான்னு எனக்குத் தெரியல. ஆனா அவரு மகனையும் அப்படித்தான விட்டாரு. அப்ப நம்ம வீட்ட விட்டுட்டு வேற எங்கயோ இருக்காருன்னு சொல்ல முடியல. இங்கதான் எங்கயோ இருக்காரு. நீங்களும் உள்ள வாங்க."

இன்னாசி சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று நினைக்க வேண்டாம். நோய் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. வீட்டில் யாரும் பேசாதபோது, சந்தியாகு மூச்சு விடும் சத்தத்தை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பனிக்காலமும் வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவதுபோல் இருந்தது. அறுபத்திரண்டாம் வருஷ மார்கழியில் அவனுக்குச் சளி பிடித்தது. இருமிச் சளியை வெளியே தள்ள நெஞ்சில் பலமில்லை. சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். காலை வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. வியாகுலம் அவன் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"அம்மா, ஒரு பயம்" என்றான், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி.

"சொல்லு ராசா."

"அங்க போனா நடக்கலாம்கிறாங்க. எனக்கு நடக்க மறந்துபோச்சே."

 மடியில் அவனைத் தாங்கியபடியே மனசுக்குள் அவள் நின்றாள், விழவில்லை.

"நடக்கத் தெரியாட்டி விழு. ஒனக்குத்தான் விழத் தெரியுமே. அவரு பிடிச்சுக்குவாரு."

அவன் சிரிக்க முயன்றான். மத்தியானத்துக்குள் போய்விட்டான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது எட்டு வயது ராயப்பு அண்ணனின் கட்டிலுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். யாரிடமும் கேட்காமல், மெல்ல அதில் ஏறிப் படுத்துக்கொண்டான். அந்தக் கட்டிலை எடுத்து வெளியே போடச் சொல்ல வந்த சவரியாயி, அதைப் பார்த்ததும் வாய் திறக்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மூன்று வருஷத்தில் பிலோமிக்கு வரன் வந்தது. வத்தலக்குண்டுப் பக்கம் தோட்டம் வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பம். மாப்பிள்ளை பெயர் எஸ்தாக்கி. பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போய் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்கும் முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. முடங்கிக் கிடக்கும் தம்பியைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் கேட்டபோது, "சின்னதுல காய்ச்சல்ல கால் போயிருச்சு" என்று சவரியாயி முந்திக்கொண்டு சொல்லியிருந்தாள்.

டாக்டர் மதுரையில் சொன்னது வியாகுலத்துக்கு மறக்கவில்லை. மகள்களுக்கு வராது, அவர்கள் வயிற்றில் பிறக்கிற பையன்களுக்கு வரலாம். வெள்ளிக்கிழமை பிலோமியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பிலோமி எழுந்து போய் ராயப்புவின் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தாள்.

"ஓலை வாசிக்க முன்னாடி சொல்லிருங்கம்மா. நான் அங்க போயி, பிள்ள பொறந்து, அவங்க அப்புறம் தெரிஞ்சுக்கிட்டா, அந்தப் பிள்ளைய யாரு தூக்குவா?"

சவரியாயி வந்து கத்தினாள். "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? வந்த வரனை நீயே வெரட்டுறியா? ஆண்டவர் ஒன்னை அடிச்சது போதாதுன்னு நீயே அடிச்சுக்கிறியே!"

"ஆண்டவர் அடிக்கல மதினி" என்றாள் வியாகுலம். "அவரு அடிச்சாருன்னு நம்புனேன்னா நான் இதச் சொல்ல மாட்டேன். பயந்து மறைச்சுருவேன். அவரு நம்ம கூட இருக்காருன்னுதான் சொல்லத் தைரியம் வருது."

இன்னாசி வண்டியைக் கட்டினான். இருவரும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கவில்லை. பேச்சு ஊர் ஊராகப் பரவியது. வேறு வரன்களும் வரவில்லை. கிட்டங்கியில் பெண்கள் அவள் வந்தால் பேச்சை மாற்றினார்கள். பிலோமி தானும் கிட்டங்கிக்கு வர ஆரம்பித்தாள். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளினார்கள்.

அடுத்த வருஷம் தை மாதம், எஸ்தாக்கி தனியாக வந்தான். சாமானோடு வந்த லாரியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தான், தலையெல்லாம் புழுதி. வீட்டுக்குள் வந்து, ராயப்புவின் கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவனோடு வெகுநேரம் ஏதேதோ பேசினான். பிறகு இன்னாசியைப் பார்த்தான்.

"மாமா, எங்க வீட்ல யாருக்கும் இஷ்டமில்ல. எனக்கு இஷ்டம். பிலோமி சரின்னா கட்டிக்கிறேன்."

"பிள்ள அப்படிப் பொறந்தா?" என்று வியாகுலம் கேட்டாள்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்தது.

"தெரியல அத்த. பயமாத்தான் இருக்கு. ஆனா மறைச்சிருக்கலாம்ல நீங்க? மறைக்கல. அந்த மாதிரி வீட்ல இருந்து பொண்ணு எடுத்தா, என்ன வந்தாலும் பாத்துக்கலாம்னு தோணுது."

அறுபத்தாறில் கல்யாணம் நடந்தது. மறு வருஷம் பெண் குழந்தை. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அறுபத்தொன்பதில் பிலோமி மறுபடியும் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்தாள். வயிறு பெருக்கப் பெருக்க வீட்டில் பேச்சு குறைந்தது. பெண்ணா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண் என்று ஒருவரும் சொல்லவில்லை. ராயப்புவுக்குப் பதினைந்து வயது. கட்டிலில் சாய்த்து வைத்த இடத்திலேயே இருந்தான். பேசும்போது வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினான்.

ஒரு காலை வேளையில் மருத்துவச்சி கதவைத் திறந்து சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். "ஆம்பளப் பிள்ள!" என்றாள்.

யாரும் அசையவில்லை. இன்னாசி தூணைப் பிடித்துக்கொண்டான். எஸ்தாக்கி வாசலைப் பார்த்தான். மருத்துவச்சியின் சிரிப்பு மெல்ல அடங்கியது. எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது போலும்.

வியாகுலம் உள்ளே போனாள். பிலோமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பாத்தீங்களாம்மா?"

"பாத்துட்டேன். அழகா இருக்கான்."

"அவனுக்கு வருமா? சொல்லுங்கம்மா."

"தெரியாதுத்தா. அவன் அஞ்சு வயசு ஆகணும்." வியாகுலம் குழந்தையைத் தூக்கி, அவன் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டாள்.  "வந்தாலும் இவன் வேண்டாத பிள்ளையாயிர மாட்டான். வராட்டியும் அது நம்ம கெட்டிக்காரத்தனம் இல்ல. இன்னைக்கு இவன் பொறந்திருக்கான். அம்புட்டுத்தான்."

குழந்தையைக் கொண்டுபோய் ராயப்புவின் மடியில் தலையணை வைத்துப் படுக்கவைத்தாள். அவனால் கையைத் தூக்க முடியாது. அவளே அவன் விரல்களை எடுத்துக் குழந்தையின் காலில் வைத்தாள். அந்தச் சின்னக் கால் அவன் விரலை உதைத்தது. ராயப்பு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சந்தியாகுன்னு பேரு வைக்காதீங்கம்மா" என்றான் கடைசியில். "அண்ணன் பேரு அண்ணனுக்கே இருக்கட்டும். இவனுக்குப் புதுசா ஒண்ணு வைங்க."

"சரிப்பு."

அவள் அடுக்களைக்குப் போய்ச் சீனி டப்பாவைத் திறந்தாள். ஆண் குழந்தை பிறந்தால் தெருவுக்குச் சீனி கொடுப்பது வழக்கம். அந்த வீட்டில் யாரும் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. டப்பாவில் பாதிதான் இருந்தது. ஒரு தட்டில் அத்தனையையும் கொட்டி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். விஷயம் அதற்குள் தெருவுக்குத் தெரிந்திருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன, சொல்ல வார்த்தை இல்லாதவர்கள் உள்ளே இருந்தார்கள்.

வியாகுலம் சவரியாயி வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து பதில் வரவில்லை. தட்டை ஒரு கையில் ஏந்தி மறு கையால் மறுபடியும் தட்டினாள்.

"மதினி, கதவத் தொறங்க. பேரன் பொறந்திருக்கான்."